எந்திர மனிதன் முதலில் எங்கே இறங்க வேண்டும்?

எந்திர மனிதன் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மாணவியரின் முகம் மலர்கிறது. வீட்டைப் பெருக்கும் எந்திரம், உணவு விடுதியில் தட்டேந்தி வரும் எந்திரம், மருத்துவமனையில் அறுவை மருத்துவரின் கைக்குத் துணை நிற்கும் எந்திரம், இரு கால்களால் நடந்து வந்து கை குலுக்கும் எந்திரம் என நாள்தோறும் புதுச் செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியில் நான்கு சக்கரமும் ஒரு மின்கலமும் பூட்டிய குட்டி ரோபோ ஒன்றாவது உருண்டு வராமல் இருப்பதில்லை. "வீட்டுப் பாடத்தையும் அது எழுதித் தருமா?" என்று கேட்கும் குறும்புக்காரிகளும் நம்மிடையே உண்டு.

இந்த ஆவலை நாம் மனமார வரவேற்கிறோம். அறிவியலைக் கண்டு அஞ்சிய சமுதாயம் எதுவும் உயர்ந்ததில்லை. ஆயினும், எந்திர மனிதனால் என்னென்ன செய்ய முடியும் என்றே எல்லோரும் கேட்கிறோம். அது முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்பவர் சிலரே. வீட்டுக்குப் புதிதாக ஒரு வேலையாள் வந்தால், எந்த வேலையை முதலில் ஒப்படைப்பது என்று குடும்பத் தலைவி சிந்திப்பாள் அன்றோ? இரும்பாலான இந்தப் புதிய வேலையாளைக் குறித்தும் சமுதாயம் அவ்வாறே சிந்திக்க வேண்டும். மனிதன் கால் வைக்கவே கூடாத இடத்துக்கு அவன் முதலில் போகட்டும். மனிதன் உழைத்துப் பிழைக்கும் இடத்துக்கு அவன் வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதுவே நம் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெயர் வந்த கதை

'ரோபோ' என்ற சொல் பிறந்தது ஆய்வுக்கூடத்தில் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு நாடகத்தில் பிறந்தது. செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் எழுதி, 1921-இல் மேடையேறிய நாடகத்தில், மனிதரின் வேலைகளையெல்லாம் செய்வதற்கென்றே ஓர் ஆலையில் உருவாக்கப்படும் உயிர்கள் வருகின்றன. அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் தயங்கியபோது, அவருடைய அண்ணன் ஜோசப் சொல்லிக் கொடுத்த பெயர்தான் 'ரோபோ'. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்காகக் குடியானவன் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வழங்கும் சொல்லும் ஏறக்குறைய இதே பொருளுடையதே. ஆக, வேண்டாத வேலையை யார் தலையில் கட்டுவது என்ற பழைய கேள்வி, இந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்து கிடக்கிறது.

தொழிற்சாலையில் முதன்முதலாக வேலைக்கு அமர்ந்த எந்திரக் கையின் பெயர் யூனிமேட். ஜார்ஜ் டெவால் என்பவர் கண்டுபிடித்ததை ஜோசப் எங்கல்பெர்கர் தொழிலாக வளர்த்தார். 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆலையில் அது பணியேற்றது. என்ன பணி தெரியுமா? உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்தவுடன், கொதிக்கும் அந்தப் பாகங்களை எடுத்து அடுக்கும் பணி. மனிதர் செய்தால் கை வெந்துபோகும். புகையும் நெடியும் நெஞ்சை அடைக்கும். முதல் எந்திரக் கை ஏற்றது மனிதக் கைக்கு ஆபத்தான ஒரு வேலையை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்றைய தொழிலுலகம்

அந்த ஒற்றைக் கை இன்று பல்கிப் பெருகிவிட்டது. சர்வதேச ரோபோ கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் மட்டும் உலகத் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 5,42,000 புதிய ரோபோக்கள் நிறுவப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேல் சீனாவில். உலகெங்கும் வேலை செய்துகொண்டிருப்பவை 46 இலட்சத்துக்கும் அதிகம். இந்தியாவில் 2023-இல் 8,510 ரோபோக்கள் நிறுவப்பட்டன. 2024-இல் அந்த எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியது. நம் நாட்டில் இவற்றை மிகுதியாக வாங்குவது மோட்டார் வாகனத் தொழிலே.

இதைக் காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நம் சென்னையின் மேற்கே விரிந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளில், காரின் உடற்கூட்டைப் பற்றவைப்பதும் வண்ணம் பூசுவதும் பெரும்பாலும் எந்திரக் கைகளின் வேலையாகிவிட்டன. தீப்பொறி பறக்கும் பற்றவைப்பும், நுரையீரலைக் கெடுக்கும் வண்ண ஆவியும் மனிதரை விட்டு விலகியது நல்லதே. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

முன்பெல்லாம் இந்த எந்திரக் கைகளைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தியிருந்தனர். வீசும் கையின் குறுக்கே ஆள் வந்தால் உயிருக்கே ஆபத்து என்பதே காரணம். இப்போது, மனிதரின் மேல் பட்டவுடன் தானாக நின்றுவிடும் ரோபோக்கள் வந்துள்ளன. டென்மார்க் நாட்டின் ஓடென்சே நகரத்து நிறுவனம் ஒன்று 2008-இல் இத்தகையதை விற்கத் தொடங்கியது. இவை தொழிலாளியின் பக்கத்திலேயே நின்று வேலை செய்கின்றன. அடுத்த மாற்றம், எந்திரத்துக்குக் கண்ணும் ஓரளவு அறிவும் கிடைத்திருப்பது. வரிசையாக வைத்த பொருளை மட்டுமே எடுக்கத் தெரிந்த கை, இன்று குவியலாகக் கிடக்கும் பொருள்களைக் காமிராவால் பார்த்து, எது எதுவென அறிந்து பொறுக்குகிறது. கிடங்குகளில் சரக்கு அலமாரிகளைத் தூக்கிச் செல்லும் வண்டிகள் நம் நாட்டிலேயே தயாராகின்றன. மனித உருவில் நடக்கும் எந்திரங்களை அமெரிக்காவிலும் சீனாவிலும் சில ஆலைகள் சோதித்துப் பார்க்கின்றன.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2019-20-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தனர். ஆடைத் தையலிலும், கைபேசியும் மின்னணுப் பொருளும் பூட்டும் வேலையிலும் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஈடுபட்டுள்ளனர். அவர்கள் மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் தம்பி படிக்கிறான்; தந்தையின் கடன் அடைகிறது; திருமணச் செலவுக்கு யாரிடமும் கையேந்த வேண்டியிராது. சிறு திருகாணியை முடுக்கும் அந்த வேலையையும் நாளை ஓர் எந்திரக் கை எடுத்துக்கொண்டால் அந்தப் பெண் எங்கே போவாள்? எந்திரம் வரவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எந்திரத்தை வாங்கும் முதலாளி, அதை இயக்கவும் பழுது பார்க்கவும் அந்தப் பெண்ணுக்கே பயிற்சி தந்து, அவளை அதற்கு மேலாளாக்க வேண்டும் என்கிறோம். எந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு மனிதருக்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

இலாபம் உள்ள இடத்துக்கு எந்திரம் யாரும் அழைக்காமலே ஓடி வருகிறது. இலாபம் இல்லாத இடத்துக்கோ அழைத்தாலும் மெல்லத்தான் வருகிறது. இந்த உண்மையை அறிய நம் தெருவுக்கு அடியில் பார்த்தால் போதும்.

நம் தெருவின் அடியில்

ஆதம்பாக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்போது இது ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்த பகுதி. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், திறந்த வாய்க்கால், கொசு. டேங்க் நிரம்பினால் லாரியை அழைக்க வேண்டும்.

1996-இல் ஆலந்தூர் நகராட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற ஆர். எஸ். பாரதி அவர்களின் காலத்தில், பாதாளச் சாக்கடை அமைப்பது என்று முடிவாயிற்று. பணம்? நகராட்சியிடம் போதிய பணம் இல்லை. ஆகவே வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் முன்வைப்புத் தொகையாகத் தாருங்கள் என்று மக்களிடமே கேட்டனர். அந்நாளில் நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறு தொகை அன்று. குழாயே பதிக்காத சாக்கடைக்கு யார் பணம் கட்டுவர் என்று நகைத்தவர்களும் இருந்தனர். ஆனால் குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாக ஏறி இறங்கின. மக்கள் பணம் கட்டினர். கடனும் மானியமும் சேர்ந்து, பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்து, 2003-ஆம் ஆண்டுவாக்கில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி மேலாண்மையைப் பற்றிய ஆய்வுகளில் ஆலந்தூரின் பெயர் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது.

இந்தப் பழங்கதையை நாம் ஏன் நினைவூட்டுகிறோம்? கண்ணுக்குத் தெரியாத, பேசக் கூச்சப்படுகிற ஒரு வேலைக்காக ஓர் ஊரே முன்வந்து பணம் கட்ட முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. அந்தத் திட்டத்தால் தெரு தூய்மையாயிற்று. ஆனால் குழாயும் அடைத்துக்கொள்கிறது. பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களிலும் சிற்றூர்களிலும் செப்டிக் டேங்க் இன்றும் நிரம்பிக்கொண்டே இருக்கிறது. அடைப்பை எடுக்க யார் இறங்குவது என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.

மனிதன் இறங்கினால் நேர்வது

செப்டிக் டேங்க் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை மாணவியர் அறிந்திருத்தல் நலம். உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெய்ப் பசையுள்ளது மேலே ஏடாக மிதக்கிறது. நடுவில் உள்ள நீர் வெளியேறுகிறது. அடியில் படிந்த சேற்றை நுண்ணுயிரிகள் காற்றில்லாமலே சிதைக்கின்றன. அப்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை சேற்றை அகற்றிவிட்டால் தொல்லை இல்லை. ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் அது இறுகிக் கெட்டியாகிவிடும். லாரியின் குழாய் நீர்த்த கழிவை உறிஞ்சிவிடும். இறுகிய சேறு அசையாது. அதைக் கிளறிவிட ஆளை இறக்குகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. குறைந்த அளவில் இருக்கும்போது மூக்கு எச்சரிக்கிறது. அளவு கூடினாலோ மோப்ப நரம்பையே அது மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணும் நேரமே உயிர் போகும் நேரம். மேலும் இது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கி நிற்கும். சேற்றைக் கிளறினால் அதில் சிறைப்பட்டிருந்த வாயு ஒரே மூச்சில் வெளிப்படும். உள்ளே போனவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க உடன்பிறந்தவரோ தோழரோ பதறி இறங்குகிறார், அவரும் விழுகிறார். இவ்விபத்துகளில் ஒரே தொட்டியில் இருவர் மூவராக இறப்பது இதனால்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டமும், அதைவிட விரிவாக 2013-இல் மற்றொரு சட்டமும் வந்தன. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் முறையே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். நகராட்சிக்கு மட்டுமின்றி, வேலைக்கு அமர்த்தும் எவருக்கும் இது பொருந்தும். 1993 முதல் இவ்வாறு இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது.

இத்தனைக்குப் பின்னும் சாவு நிற்கவில்லை. 1993 முதல் நேர்ந்த சாவுகளைப் பற்றி மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த கணக்குகளில், மாநிலங்களுள் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது. எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. கல்வியிலும் தொழிலிலும் முன்னணியில் நிற்கும் நாம் இந்தப் பட்டியலிலும் முன்னணியில் நிற்பது எத்துணை வெட்கம்! இறந்தவர்கள் பெரும்பாலும் ஒரு சில சாதிகளில் பிறந்தவர்கள். பிறப்பைக் காரணம் காட்டி ஒரு மனிதனைச் சேற்றில் இறக்குவது எந்த நியாயத்துக்கு அடுக்கும்?

கிண்டியில் பிறந்த கருவி

இருளைப் பழித்துக்கொண்டே இருப்பதால் விளக்கு எரிந்துவிடாது. நம் ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகச் சென்றால் சிறிது தொலைவிலேயே இருக்கிறது சென்னை ஐ.ஐ.டி. மான்கள் உலவும் அந்த வளாகத்தில், இயந்திரப் பொறியியல் துறைப் பேராசிரியர் பிரபு ராஜகோபால் அவர்களின் வழிகாட்டுதலில், செப்டிக் டேங்கைத் தூய்மை செய்யும் ரோபோ ஒன்று உருவாயிற்று. அதன் பெயர் ஹோமோசெப். முதுகலை மாணவர் ஒருவரின் இறுதியாண்டுத் திட்டப் பணியாகத் தொடங்கியது அது. 2019-இல் அந்நிறுவனம் நடத்திய போட்டியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் அங்கேயே முளைத்த சாலினாஸ் என்ற சிறு நிறுவனத்தின் துணையோடு களத்துக்கு வந்தது.

அதன் அமைப்பு மிக எளிய சிந்தனையில் எழுந்தது. செப்டிக் டேங்கின் வாய் சிறியது, வயிறு பெரியது. சிறு வாய் வழியாகப் பெரிய கருவி எப்படிப் போகும்? குடையைப் பாருங்கள், மடக்கினால் கைத்தடி, விரித்தால் கூரை. அதேபோல் இக்கருவியின் அலகுகள் மடங்கிய நிலையில் உள்ளே சென்று, அடியில் விரிந்து சுழல்கின்றன. நம் வீட்டில் மத்தால் தயிர் கடைவதைப் போல, இறுகிய சேற்றைக் கடைந்து கூழாக்குகின்றன. பிறகு உறிஞ்சு குழாய் அதை மேலே இழுத்துவிடுகிறது. ஆள் தரையிலேயே நிற்கிறார். மனிதன் இறங்க வேண்டிய காரணம் எதுவோ, அந்தக் காரணத்தையே இக்கருவி போக்கிவிடுகிறது.

2022-இல் தமிழ்நாட்டில் பத்து ஹோமோசெப் கருவிகளைக் களத்தில் இறக்கும் திட்டத்தை ஐ.ஐ.டி. அறிவித்தது. முதல் இரண்டும் யாரிடம் தரப்பட்டன? இந்தத் தொழிலில் கணவரை இழந்த இரு பெண்களின் தலைமையிலான சுய உதவிக் குழுக்களிடம். தோட்டி வேலை ஒழிப்புக்காகப் பாடுபட்டு 2016-இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் அவர்களின் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இதற்குத் துணை நின்றது. கணவனை விழுங்கிய தொட்டியின் விளிம்பில் அந்தப் பெண் இன்று ஓர் எந்திரத்தின் உரிமையாளராக நிற்கிறாள். ரோபோத் துறையின் சாதனைகளில் நம் மனத்தை மிகவும் தொட்டது இதுதான்.

அண்டை மாநிலமான கேரளத்திலும் இதற்கு இணையான முயற்சி நடந்தது. 2015-இல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் விழுந்த இரு தொழிலாளரைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் அவர்களோடு உயிரிழந்தார். அந்தச் செய்தி சில இளம் பொறியாளர்களை உலுக்கியது. அவர்கள் ஜென்ரோபோடிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பாதாளச் சாக்கடைக் குழிக்குள் கையை நீட்டி அடைப்பை வாரும் ரோபோவை உருவாக்கி, 2018-இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு விட்டனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பேண்டிகூட், அதாவது பெருச்சாளி! உள்ளே உள்ள நிலையைக் காமிரா காட்டுகிறது. நச்சு வாயுவை உணர்கருவி அளக்கிறது. வெளியே திரையைப் பார்த்து ஆள் இயக்குகிறார். அதே 2018-இல் நம் கும்பகோணம் நகராட்சிக்கும் அந்தப் பெருச்சாளி வந்து சேர்ந்தது. பின்னர்க் கோயம்புத்தூருக்கும் சென்றது.

எந்திரம் வந்தால் போதுமா?

இங்கே சிலர் எழுப்பும் ஐயங்களை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, விலை. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள கருவியைச் சிறு நகராட்சி எப்படி வாங்கும் என்கின்றனர். ஓர் உயிர் போனால் முப்பது இலட்சம் என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, இந்தக் கேள்வி கணக்குப் பாடத்திலேயே தோற்றுவிடுகிறது. உயிருக்கு விலை பேசுவது தகாது என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

இரண்டாவது, சந்து பொந்து. நம் ஊரின் குறுகிய தெருக்களில் பெரிய வண்டி நுழையாது. இது நியாயமான ஐயம். ஒரு சந்தில் வண்டி நுழையாவிட்டால், அந்தச் சந்துக்கென்று சிறிய கருவியைச் செய்வதே பொறியாளரின் கடமை. அதுவரை ஆளை இறக்குவோம் என்று சொல்வது விடையாகாது.

மூன்றாவதே முக்கியமானது. எந்திரம் வந்தால் அந்தத் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது? கைபேசி ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்காக நாம் கேட்ட அதே கேள்வி இது, விடையும் அதுவே. கருவியை இயக்கும் உரிமையும் அதன் வருவாயும் அந்தத் தொழிலாளிக்கே சேர வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் அகற்றும் பணியில், தூய்மைப் பணியாளரையும் பணியில் இறந்தோரின் குடும்பத்தாரையும் வாகன உரிமையாளராக்கும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய வழியே சரியான வழி. எந்திரத்தைக் குத்தகைக்காரரிடம் கொடுத்து, தொழிலாளியைத் தெருவில் நிறுத்தினால், ஒரு கொடுமைக்குப் பதிலாக மற்றொரு கொடுமையைச் செய்தவராவோம். விழா நடத்தி, மாலை சூட்டி, படம் எடுத்து, பிறகு கருவியைக் கிடங்கில் பூட்டி வைப்பதும் அதற்குச் சற்றும் குறைந்த பிழையன்று. பழுது பார்க்க ஆளும் பாகமும் இல்லாத எந்திரம் பழைய இரும்புக்குச் சமம்.

நாம் செய்யத் தக்கவை

இவையெல்லாம் அரசின் வேலை, விஞ்ஞானியின் வேலை என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இல்லத்தின் பொறுப்பில் இருக்கும் பெற்றோர் சிலவற்றை இன்றே செய்யலாம். செப்டிக் டேங்க் உள்ள வீடாயின், நிரம்பி வழியும் வரை காத்திராமல் உரிய காலத்தில் சுத்தம் செய்தால் சேறு இறுகாது. ஆள் இறங்கத் தேவையும் நேராது. 14420 என்ற எண்ணை அழைத்து முறையான வண்டியை வரவழைக்கலாம். வருபவரிடம் முதற்சொல்லாக, "உள்ளே யாரும் இறங்கக் கூடாது" என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். "ஐந்து நிமிட வேலைதான் அம்மா" என்று அவரே சொன்னாலும் இணங்கலாகாது. வறுமை அவரை அவ்வாறு சொல்ல வைக்கிறது. நம் பணம் அதற்கு உடந்தையாகக் கூடாது.

மாணவியருக்கும் ஒரு கடமை உண்டு. கூச்சமின்றிச் சொல்கிறோம். துணியும் பிளாஸ்டிக் உறையும் மாதவிலக்கு அணையாடையும் கழிப்பறைக் குழாயில் போடப்படும்போது, தெருமுனையில் அது அடைப்பாகிறது. அந்த அடைப்பை எடுக்க எங்கோ ஒருவர் குழி மூடியைத் திறக்கிறார். தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இட எடுக்கும் அரை நிமிடம், முகம் தெரியாத ஒருவரின் உயிருக்கு நாம் தரும் மதிப்பு. தூய்மைப் பணி செய்யும் அண்ணனையும் அக்காளையும் பெயர் கேட்டு, மரியாதையோடு அழைக்கப் பழகுவோம்.

அடுத்து, கல்வி. ரோபோக்களைச் செய்வது ஆண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் இன்னும் பல இல்லங்களில் இருக்கிறது. "பெண்ணுக்கு எதற்கு மெக்கானிக்கல்?" என்று கேட்கும் பெற்றோரும் உளர். ஐ.ஐ.டி.களில் பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால், 2018 முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன என்பதை அவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புகிறோம். வாயில் திறந்திருக்கிறது; நுழையத் தயக்கம் ஏன்? குடையையும் மத்தையும் நாள்தோறும் கையில் எடுக்கும் பெண்களுக்கு ஹோமோசெப்பின் தத்துவம் விளங்காமல் போகுமா? வீட்டிலும் தெருவிலும் யாருக்கு எந்த வேலை துன்பமாக இருக்கிறது என்பதை ஊன்றிப் பார்க்கும் கண் பெண்களுக்குப் பழக்கத்தாலேயே வாய்த்திருக்கிறது. அந்தக் கண்ணோடு கணிதமும் இயற்பியலும் சேர்ந்தால் நல்ல பொறியாளர் பிறக்கிறாள்.

ஆகவே, அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு ரோபோ செய்ய முனையும் மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். கை குலுக்கும் பொம்மையும் நடனமாடும் பொம்மையும் பார்க்க இனிமையானவை. அவற்றைச் செய்து பழகுங்கள். கூடவே, நம் ஆதம்பாக்கத்தின் ஒரு குறுகிய சந்தைத் தேர்ந்தெடுத்து அளந்து பாருங்கள். பெரிய வண்டி நுழையாத அந்தச் சந்தின் குழிக்குள் இறங்கக்கூடிய சிறிய எந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரையுங்கள். எவ்வளவு அகலம், எவ்வளவு எடை, இருவர் தூக்கிச் செல்ல இயலுமா, விலை எவ்வளவுக்குள் அடங்க வேண்டும் என்று எழுதுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை; ஆசிரியையிடம் காட்டித் திருத்துங்கள். ஐயாயிரம் ரூபாய் கட்டி, இல்லாத சாக்கடையை இருக்கச் செய்த ஊர் இது. அந்தச் சாக்கடைக்குள் மனிதன் இறங்காத நாளையும் இந்த ஊரின் பெண்களே கொண்டுவரட்டும்.